கேட்ட கேள்விக்குப் பதில்

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

எனக்கு டைரி எழுதும் பழக்கம் இல்லை. பள்ளியில் ஆசிரியர்களுக்குக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அரபி படிப்பதைக் குறித்து வைக்கலாம் என்று எடுத்தேன்.

நாற்பத்தேழு வயதில் உனக்கு எதற்கு அரபி என்று என்னை நானே கேட்டுக்கொள்ளும் முன் காரணத்தை எழுதிவிடுகிறேன். கீழக்கரைப் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். குர்ஆன் ஓதுவதும் சின்ன வயதிலிருந்தே. அரபி எழுத்தில் எதைக் கொடுத்தாலும் நிற்காமல் வாசிப்பேன். ஆனால் பொருள் ஒரு வரி தெரியாது. போன மாதம் ஒன்பதாம் வகுப்பு ஷிஃபானா எல்லார் முன்னாலும் எழுந்து, "மிஸ், நீங்க ஓதுறியளே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். "எல்லாம் பெரிய விஷயம், உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அப்படித்தான் ஒருவருக்கொருவர் மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு போன் செயலியில் சேர்ந்தேன். கிடைத்தவள் தஹானி. சூடான்காரி, முப்பத்தொரு வயது, ஊரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். சண்டை வந்ததும் தாயை அழைத்துக்கொண்டு கெய்ரோவுக்கு வந்தவள். அவளுக்கு ஆங்கிலம் வேண்டும். ஏற்பாடு இதுதான்: செவ்வாயும் சனியும் நம் நேரம் ஐந்து மணிக்குப் பேச்சு. அரை மணி அரபி, அரை மணி ஆங்கிலம். முடிவில் ஒருவர் பிழையை ஒருவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இன்று பிழை வரைக்கும் போகவே இல்லை. சலாம் சொன்னதும் அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விசாரிக்க ஆரம்பித்தாள். எப்படி இருக்கிறீர்கள், உடம்பு எப்படி, தூக்கம் வருகிறதா, வீட்டில் எல்லாரும் நலமா, வீடு எப்படி, வேலை எப்படி, மழை பெய்ததா, மனசு நிம்மதியாக இருக்கிறதா, நிச்சயமாக நலம்தானே, இன்னொரு முறை சொல்லுங்கள், நலம்தானே? அவர்கள் ஊரில் இதுதான் மரியாதையாம். பதினொரு நிமிடம். நான் எல்லாவற்றுக்கும் அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கே புகழ், என்று ஒரே பதிலைச் சொன்னேன்.

என் அரபியைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். பள்ளிவாசலில் செய்கிற வெள்ளிக்கிழமை பயான் மாதிரி இருக்கிறதாம். சிரித்த பிறகு இரண்டு முறை மன்னிப்பும் கேட்டாள்.

7 செப்டம்பர், சனி

அவளுக்கு ஏன் ஆங்கிலம் என்பது இன்றுதான் விவரமாகத் தெரிந்தது. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளைப் பிரசவ வார்டுக்கு எடுத்துக்கொள்ளத் தயார். அதற்கு ஓர் ஆங்கிலத் தேர்வு பாஸாக வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றும் வந்துவிடும். பேச்சுத் தேர்வில்தான் பயம். டிசம்பர் 7 தேர்வு. ஜனவரி 31க்குள் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. கெய்ரோவில் அவளை நர்சாக வேலை பார்க்க விடவில்லை. துணிக்கடையில் துணி மடிக்கிறாள். ஒன்றரை வருடமாக ஒரு பிள்ளையைக்கூடக் கையில் வாங்கவில்லை என்றாள். சொல்லும்போது கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆங்கில அரை மணியில், ஏன் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு தேர்வுக் கேள்வியைக் கேட்டேன். கேட்டதற்கு நன்றி சொன்னாள். என் உடம்பை விசாரித்தாள். என்னைப் பெற்றவர்களுக்காக இறைவனிடம் துஆ கேட்டாள். ஆசிரியர் தொழிலின் பெருமையைப் பேசினாள். ஐந்து நிமிடத்தில் கேள்வி எங்கோ போய்விட்டது.

டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு தலைப்புப் போட்டேன்: தஹானியின் பிழைகள். ஒன்று: விசாரித்து விசாரித்தே கேள்வியை விட்டுவிடுகிறாள். தேர்வில் ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம்தான். இது ஆகவே ஆகாது.

முடிவில் சொல்லலாம் என்றிருந்தேன். நேரமாகிவிட்டது.

10 செப்டம்பர், செவ்வாய்

சொல்லவில்லை. அவளுக்குத் தலைவலி.

17 செப்டம்பர், செவ்வாய்

மிக்ஸி பழுது. ஜொஹரா வீட்டில் அரைத்துக்கொண்டேன். ஜொஹரா என் தங்கை, பக்கத்து வீடு. நடுவில் ஒரு கதவு, அதை அவள் சாத்துவதே இல்லை.

தஹானி என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். லாத்தா என்று சொல்லிக்கொடுத்தேன். மூத்த சகோதரி என்று அர்த்தம் சொன்னதும் நான்கு முறை சொல்லிப் பார்த்தாள். பிழைப் பட்டியல் ஒன்பதாகிவிட்டது. விருந்தாளி மாதிரி வருகிற பிள்ளை. வந்ததும் வராததுமாக அதைச் சொல்லி முகத்தைச் சுண்ட வைப்பானேன்?

24 செப்டம்பர், செவ்வாய்

பாங்காக்கிலிருந்து இவர், என் வீட்டுக்காரர், பேசினார். அங்கே ரத்தினக் கல் வியாபாரம், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவார். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். வேற என்றார். வேற ஒன்றுமில்லை என்றேன். மூன்று நிமிடம் நாற்பது நொடி. போன் அதுவாகவே காட்டுகிறது, நான் ஒன்றும் கணக்குப் பார்க்கவில்லை.

28 செப்டம்பர், சனி

காலாண்டுத் தாள் திருத்தினேன். ஷிஃபானா ஒரு கேள்விக்கு அரைப் பக்கம் முன்னுரை எழுதிவிட்டு, பதிலை ஒரு வரியில் முடித்திருந்தாள். 'கேட்ட கேள்விக்குப் பதில் எழுது' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தேன். இதற்கெல்லாம் இரக்கப்பட்டால் பிள்ளைக்கு நாம் செய்கிற துரோகம் அது என்று ஸ்டாஃப் ரூமிலும் பேசினேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

மாலையில் தஹானி பதினான்கு நிமிடம் விசாரித்தாள். இன்று ரொம்ப நன்றாகப் பேசினாய் என்றேன்.

12 அக்டோபர், சனி

ஐந்து மணிக்குப் பேச வேண்டுமென்று நாலரைக்கே குளித்துத் துணி மாற்றியதை ஜொஹரா பார்த்துவிட்டாள். வீடியோகூடப் போடுவதில்லை, குரல் மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியும். பேசி முடிக்கும் வரை கதவருகே நின்றாள்.

"இம்புட்டு நேரமும் அந்தப் புள்ளதான் பேசுது. நீங்க ஒரு எடத்துலயும் திருத்தலையே லாத்தா? எம்மவ ஒரு எழுத்து விட்டாக் கூட அன்னைக்கு அந்த ஆட்டு ஆட்டுனிய?"

அது பாடம், இது பழக்கம் என்றேன். அவளுக்குப் புரியாது. வெளிநாட்டுப் பிள்ளையை வாயைத் திறக்கும்போதெல்லாம் மடக்கினால் தைரியம் போய்விடும். முதலில் சரளம் வர வேண்டும், பிறகு திருத்தம். இது கல்வி முறையிலேயே உள்ளதுதான்.

பட்டியல் இருபத்திரண்டு.

என் பங்குக்கு அரபியில் நன்றாகவே தேறுகிறேன். 'மீன் குழம்பு கொதிக்கிறது', 'தங்கை ஒட்டுக்கேட்கிறாள்' இரண்டும் இன்று பிழையில்லாமல் சொன்னேன்.

2 நவம்பர், சனி

ஐந்து மணிக்கு அழைப்பு வரவில்லை. ஐந்தே காலுக்கும் வரவில்லை. செயலியை மூடித் திறந்தேன். நெட் பார்த்தேன். கெய்ரோவில் ஏதாவது கலவரமா என்று செய்தி பார்த்தேன். அவள் தாய்க்குச் சர்க்கரை வியாதி, ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒரு நினைப்பு. போன செவ்வாய் நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று இன்னொன்று. மீனைக் கழுவாமல் அப்படியே வைத்திருந்தேன். பூனை ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பாய் விரித்த நேரம் போன் அடித்தது. நேற்றிலிருந்து அவர்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைத்துவிட்டார்களாம், குளிர்காலத்துக்கு. அவள் சரியான நேரத்துக்குத்தான் அழைத்திருக்கிறாள். தொழுதுவிட்டு வருகிறேன் என்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இனி ஆறரை மணி என்று மாற்றிக்கொண்டோம்.

16 நவம்பர், சனி

மழை. ஸ்கூல் லீவு. தஹானி இன்று ஆங்கிலத்தில் ஒரு பிரசவக் கதையை ஆரம்பித்தாள். ஊரைவிட்டு லாரியில் கிளம்பி வந்த வழியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டதாம். லாரிக்காரர் யார், அவர் எவ்வளவு நல்லவர், அவர் பிள்ளைகள் எத்தனை, வழியில் யார் யார் என்ன உதவி செய்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் துஆ செய்துகொண்டே வந்தாள். வலி வந்த இடத்துக்கு வருவதற்குள் இங்கே கரண்ட் போய், நெட்டும் போய்விட்டது.

கரண்ட் வந்ததும் அழைத்தேன். கதையை மறந்துவிட்டு வேறொன்று கேட்டாள். "லாத்தா, இன்னும் மூணு வாரந்தான். நான் தயாரா? உண்மையச் சொல்லுங்க."

தயார் என்றேன்.

3 டிசம்பர், செவ்வாய்

தேர்வுக்கு என்ன நிறத்தில் முக்காடு போடுவது என்று கேட்டாள். நீலம் என்றேன். அவள் தாய் போனை வாங்கி என்னை விசாரித்தார். பிறகு ஒரு நீண்ட துஆ செய்தார். பாதிக்குமேல் புரிந்தது. என் மகளுக்கு நீங்கள் செய்கிற நன்மைக்கு அல்லாஹ் கூலி தரட்டும் என்று சொன்னது முழுதாகப் புரிந்தது.

புரியாமலே இருந்திருக்கலாம்.

7 டிசம்பர், சனி

தேர்வு. இரண்டு ரக்அத் தொழுதேன். நன்றாக நடந்ததாகச் செய்தி அனுப்பியிருந்தாள். பரீட்சை வைத்தவர் ரொம்ப மரியாதையானவராம். அவர் உடம்பை, வீட்டை எல்லாம் நன்றாக விசாரித்தாளாம்.

17 டிசம்பர், செவ்வாய்

மற்ற மூன்றிலும் தேறிவிட்டாள். பேச்சில் அரை மதிப்பெண் குறைவு.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நடந்ததை வரிசையாகச் சொன்னாள். அவர் கேள்வி கேட்டார், நான் விசாரித்தேன். நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதற்குப் பதில் சொல்லும் முன்னும் விசாரித்தேன். மறுபடியும் நன்றி. நான் பதிலுக்கு வரும்போதெல்லாம் நேரம் முடிந்துவிட்டது. என் உச்சரிப்பு சரியில்லை போலிருக்கிறது லாத்தா என்றாள்.

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

"நீங்க தயார்னு சொன்னீங்க" என்றாள். குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பியவள், அதை இன்னும் நம்பப் பார்க்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

18 டிசம்பர், புதன்

அரையாண்டுத் தாள் நாற்பத்தைந்து மேசையில் கிடக்கிறது. மூன்று திருத்தினேன். நாலாவதில் ஒரு பிள்ளை கேட்டதை விட்டு வேறெதையோ எழுதியிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். நாற்பத்து மூன்று பிழை. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டிருக்கிறேன். முதல் பிழைக்குத் தேதி செப்டம்பர் 7. அவளைத் தோற்கடித்தது அதுதான். பரீட்சைக்கு முழுதாக மூன்று மாதம் இருந்தது.

சரளம், தைரியம், கல்வி முறை என்று நான் இந்த டைரியில் எழுதி வைத்ததை இன்று திரும்பப் படித்தேன். ஒரு மாணவி இப்படிச் சாக்கு எழுதிக் கொடுத்திருந்தால் தாளைக் கிழித்திருப்பேன்.

உண்மையை எழுதிவிடுகிறேன். இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பள்ளியில் மிஸ், தெருவில் டீச்சர், போனில் சாப்பிட்டியா. ஒருத்தி வாரத்துக்கு இரண்டு நாள் என் உடம்பை, என் தூக்கத்தை, என் மனசைக் கேட்டாள். கேட்பதை நிறுத்து என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பாஸாகிவிட்டால் அதுவும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நான் திருத்தாமல் விட்டது மரியாதைக்காக இல்லை. அவளை என்னிடமே வைத்துக்கொள்வதற்காக.

ஒரு பெண்ணின் பிழைப்பை என் ஏக்கத்துக்குத் தின்றுவிட்டேன்.

21 டிசம்பர், சனி

இன்று ஆங்கிலம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். வாயில் அது கசக்கிறதாம். அரபி மட்டும் பேசலாம் என்றாள்.

ஆங்கிலத்தில் சொல்வதற்கு எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். என் நோக்கம் தவறில்லை, சூழ்நிலை அப்படி, வருந்துகிறேன் என்று பக்குவமாக நாலு பத்தி. அரபியில் எனக்குப் பக்குவம் தெரியாது. சாக்குச் சொல்லும் வார்த்தை ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். 'உன் பிழை எனக்குத் தெரியும். முதல் வாரமே தெரியும். எழுதி வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ பாஸானால் போய்விடுவாய். நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை.'

முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நீங்க இவ்வளவு நேரா பேசி நான் கேட்டதே இல்ல லாத்தா."

வைத்துவிட்டாள்.

24 டிசம்பர், செவ்வாய்

அழைப்பு இல்லை.

28 டிசம்பர், சனி

இல்லை. ஜொஹரா வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவள் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

29 டிசம்பர், ஞாயிறு

காலையில் ஒரு குரல் செய்தி, ஆங்கிலத்தில். சலாம் இருந்தது, விசாரிப்பு இல்லை. அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்.

"ஜனவரி பதினொண்ணு மறுபடியும் தேர்வு இருக்கு. கடையில முன்பணம் கேட்டுக் கட்டிட்டேன். நீங்க எழுதி வச்சதை அனுப்புங்க. மொத்தமும். எனக்குக் கோபம் இருக்கு, பதினொண்ணு வரைக்கும் இருக்கும். உங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு எப்படி டீச்சரோ அப்படி எனக்கு டீச்சரா இருங்க. தினமும் ஆறரை மணிக்கு."

கடைசிப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் தோன்றியது, அவளால் தமிழ் படிக்க முடியாதே என்று. நாற்பத்து மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. ஒன்றையும் விடவில்லை.

31 டிசம்பர், செவ்வாய்

கரண்டியை எவர்சில்வர் டம்ளரில் தட்டுவது என்று ஏற்பாடு. அவள் விசாரிக்க ஆரம்பித்தால் ஒரு தட்டு. இன்று பத்தொன்பது தட்டு. நடுவில் ஜொஹரா எட்டிப் பார்த்து, "பால்காரன் வந்துட்டானா லாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கதவைத் திறந்தே விட்டுப் போனாள்.

தஹானி பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறாள். கோபத்தில் ஆங்கிலம் நன்றாக வருகிறது. அதையும் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

3 ஜனவரி 2025, வெள்ளி

பதினொரு தட்டு வரை பொறுத்தாள். பன்னிரண்டாவது தட்டில் வெடித்துவிட்டாள்.

"ஒருத்தரை எப்படி இருக்கீங்கன்னு கேக்காம நேரா விஷயத்துக்குப் போறது, கதவைத் தட்டாம வீட்டுக்குள்ள நுழையுற மாதிரி. திருடன்தான் அப்படி வருவான். என்னைத் திருடி ஆக்கப் பார்க்குறீங்களா?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அவள் கட்சிதான். நாளை பார்ப்போம் என்று வைத்தேன். இரண்டு இட்லி சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

5 ஜனவரி, ஞாயிறு

இன்று தேர்வுப் புத்தகத்திலிருந்து கேள்வி வைக்கவில்லை. நவம்பரில் பாதியில் நின்றுபோன அந்தக் கதையைக் கேட்டேன். லாரி வேண்டாம், லாரிக்காரர் வேண்டாம், வலி வந்த இடத்திலிருந்து சொல் என்றேன். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டேன்.

சொன்னாள். நட்ட நடுவழி, வெயில், மறைப்புக்கு நாலு பெண்களின் துணி. கையில் கத்திரிக்கோல்கூட இல்லை. யாரோ சவரக் கத்தி கொடுத்தார்கள். தீயில் காட்டி எடுத்தாள். தலை திரும்பவில்லை. கையால் திருப்பினாள். பிள்ளை வெளியே வந்தும் அழவில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அழுதது. ஆண் பிள்ளை. தாய் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது தண்ணீர்.

"குடுத்தேன். குடிச்சா. அதுக்கப்புறம்தான் லாத்தா அவ பேரையே கேட்டேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. நாலு மாதமாக இந்தக் கதை அவளிடம் இருந்திருக்கிறது. விசாரிப்பிலேயே குளிர்காய்ந்துகொண்டிருந்த நான் இதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

அவள் பேரைக் கேட்காமல் தண்ணீர் கொடுத்தாயே, அப்போது நீ திருடியா என்று கேட்டேன்.

அவர்கள் ஊரில் விருந்தாளி வந்தாலும் அப்படித்தானாம். வாசலில் வந்து நிற்பவருக்கு முதலில் தண்ணீர். குடித்து முடித்த பிறகே மற்ற விசாரிப்பு.

"அப்ப கேள்வி கேக்குறவரு தாகத்தோட வந்தவரு" என்றாள், மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "முதல்ல பதிலைக் குடுத்துடணும்."

அதன் பிறகு ஆறு கேள்வி வைத்தேன். ஆறுக்கும் பதிலோடு ஆரம்பித்தாள்.

8 ஜனவரி, புதன்

இவர் பேசினார். வேற என்றார். ஒரு நொடி யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: தஹானி, பட்டியல், நான் செய்தது, ஏன் செய்தேன் என்பது வரை. நடுவில் ஒரு தடவைகூட வேற என்று கேட்கவில்லை. முடிவில், "எனக்கும் இங்க பேச்சுக்கு ஆளில்ல மைமூன், உனக்கு அலுத்துப்போகும்னு சுருக்கா முடிச்சுக்குவேன்" என்றார். இருபத்தேழு வருடமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் மரியாதையாக இருந்திருக்கிறோம்.

11 ஜனவரி, சனி

தேர்வு. இன்று தொழுதுவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைக்கட்டும் என்று மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்டதை மனசு முழுதாக ஒப்புக்கொண்டதா என்று நிறுத்திப் பார்த்தேன். ஒப்புக்கொண்டது.

18 ஜனவரி, சனி

ஆறு மணிக்கே அழைத்தாள்.

"பாஸ். கேட்டதுக்கு மேல ஒரு மதிப்பெண்."

அவ்வளவுதான் சொன்னாள். பதிலோடு ஆரம்பித்துவிட்டாள். நான் அழுததில் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை; தமிழில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. பின்னால் அவள் தாய் குலவை போடும் சத்தம் கேட்டது. ஜொஹராவும் ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் போனைப் பிடுங்கி, அந்த அம்மாவிடம் தமிழிலேயே பேசினாள். இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசினார்கள். என்ன புரிந்துகொண்டார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சான்றிதழ் இன்றே போய்விட்டது. திங்கள்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்துவிடும் என்கிறாள். அவள் கோபம் பதினொன்றோடு முடிந்ததா என்று கேட்க நினைத்தேன். துணியவில்லை.

25 ஜனவரி, சனி

ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது; விசா வேலை முன்பே முடிந்திருந்ததால் 27ஆம் தேதியே விமானம். தாயையும் பிறகு அழைத்துக்கொள்ளலாமாம். பெட்டி கட்டுகிற நடுவில் பேசினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்தில் காது அடைக்கும், மிட்டாய் வைத்துக்கொள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. இன்று நான் பரீட்சை வைக்கப் போகிறேன் என்றாள். அரபியில்தான் பதில் சொல்ல வேண்டும், நேரம் இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு, தேர்வுக்காரர் மாதிரியே குரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். எப்படி இருக்கிறீர்கள்?"

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் வரை வந்துவிட்டது. அது உண்மைதான். ஆனால் பதில் இல்லை.

சொன்னேன். இந்த வீடு பெரியது, சத்தமில்லாதது. பிள்ளை இல்லை என்பதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பேசாமல் இருந்து இருந்து எதையும் பேசாதவளாகிவிட்டேன். நீ போகிறாய், எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் நீ போவது இன்று எனக்குப் பிடித்திருக்கிறது. உன் கையில் ஒரு பிள்ளை வரும். அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. உனக்கு நான் செய்தது பாவம். நீ திரும்பி வந்தாய். நான் நன்றாக இருக்கிறேன். போன வருடத்தைவிட நன்றாக இருக்கிறேன்.

கடிகாரத்தைப் பார்த்தபோது நான்கு நிமிடத்துக்கு மேல் போயிருந்தது. அவள் நிறுத்தவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எல்லாம் புரிஞ்சுது லாத்தா. ஆனா ஏழு பிழை இருக்கு. இப்பவே சொல்லவா, செவ்வாய்க்கிழமை சொல்லவா?"

செவ்வாய்க்கிழமை அவள் அயர்லாந்தில் இருப்பாள். நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறாள்.

மூன்றை இப்போது சொல், நான்கைச் செவ்வாய்க்கிழமைக்கு வை என்றேன்.